சுழலும் குண்டும் ஏற்காட்டுக் காற்றும்

சேலத்தில் ரைஃபிள் பயிற்சி எடுக்கும் மாணவி ஒருவர் கேட்டிருந்தார்: "எங்கள் பாயிண்ட் டூ டூ (0.22 அங்குல விட்டம்) ரைஃபிளின் குழலில் புரி 16 அங்குலத்துக்கு ஒரு சுற்று. ஏன் 16? இதே துப்பாக்கியை ஏற்காட்டுக்குக் கொண்டுபோய்ச் சுட்டால் வித்தியாசம் தெரியுமா?" இரண்டும் அருமையான கேள்விகள். முதலாவதைப் பிடித்துக்கொண்டால் இரண்டாவது தானாக வரும்.

குழலின் உட்சுவரில் திருகிச் செல்லும் பள்ளங்கள்தான் புரி. ஈயக் குண்டு அதில் பதிந்து, சுழன்றபடியே வெளியேறுகிறது. வேகம் நொடிக்கு 330 மீட்டர் என்று வைத்தால், நொடிக்கு 800 சுற்றுக்கு மேல் வரும்.

சரி, சுழல்வதால் என்ன லாபம்? நீளமான குண்டின் எடை மையம் பின்பக்கம் தள்ளி இருக்கிறது. காற்றின் அழுத்தமோ மூக்குப் பக்கம் விழுகிறது. மூக்கு இம்மியளவு தூக்கினாலும் போதும், காற்று அதை இன்னும் தூக்கிக் குண்டைக் குட்டிக்கரணம் போட வைத்துவிடும்.

இனி வருவதுதான் நான் சொக்கிப்போகும் இடம். பின்னாலிருந்து பார்க்கும்போது வலஞ்சுழியாகச் சுற்றும் குண்டை எடுத்துக்கொள்ளுங்கள். காற்று மூக்கை மேலே தூக்கப் பார்க்கிறது. மூக்கு மேலே போக வேண்டுமானால், குண்டின் குறுக்கு வட்டத்தில் மேல் பாதி பின்னோக்கியும் கீழ்ப் பாதி முன்னோக்கியும் சாய வேண்டும். அந்த வட்டத்தின் விளிம்பில் ஒரே ஒரு ஈயத் துணுக்கை மட்டும் கவனிப்போம். அது இடப்பக்கத்திலிருந்து ஏறி, உச்சியைக் கடந்து, வலப்பக்கம் வந்து சேரும்வரை அதன்மேல் பின்னோக்கிய தள்ளல் விழுந்துகொண்டே இருக்கிறது. தள்ளத் தள்ள வேகம் சேருமல்லவா? ஆகவே அதன் பின்னோக்கு வேகம் உச்சத்தைத் தொடுவது மேலே அல்ல, வலது ஓரத்தில். கீழ்ப் பாதியைக் கடந்து இடது ஓரத்துக்கு வரும் துணுக்கிலோ முன்னோக்கு வேகம் உச்சத்தில் இருக்கும். வலது ஓரம் பின்னே போய் இடது ஓரம் முன்னே வந்தால் மூக்கு எந்தப் பக்கம் திரும்பும்? வலப்பக்கம்! காற்று தூக்கியது மேலே, மூக்கு போனதோ பக்கவாட்டில். இப்போது காற்று அதை மேலும் வலப்பக்கம் தள்ளும். மூக்கு கீழே இறங்கும். கீழே தள்ளினால் இடப்பக்கம், இடப்பக்கம் தள்ளினால் மேலே. கவிழ்க்க வந்த விசை மூக்கைச் சின்னதாக ஒரு வட்டம் போடவைப்பதோடு சரி. பம்பரம் விழாமல் தலையாட்டுவதும் இதே கணக்கில்தான்.

சுழலும் சைக்கிள் சக்கரத்தின் அச்சைக் கையில் பிடித்துச் சாய்த்துப் பார்த்த மாணவருக்கு இது ஆயுசுக்கும் மறக்காது. கட்டடத்துக்குக் கோடிக்கணக்கில் செலவழிக்கும் கல்லூரிகள் இயற்பியல் ஆய்வகத்துக்கு அப்படி ஒரு சக்கரம் வாங்கித் தர யோசிப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

புரி எவ்வளவு நெருக்கமாக இருக்க வேண்டும் என்பதைத் தீர்மானிப்பதில் எடையைவிடக் குண்டின் நீளத்துக்கே பங்கு அதிகம். இங்கிலாந்தின் வுல்விச் பீரங்கிப் படைக் கல்லூரியில் கணிதம் கற்பித்த கிரீன்ஹில் 1879-இல் ஒரு எளிய சூத்திரம் தந்தார்: விட்டத்தின் வர்க்கத்தை 150-ஆல் பெருக்கி, நீளத்தால் வகுத்தால், ஒரு சுற்றுக்கு எத்தனை அங்குலம் என்பது வரும், எல்லாம் அங்குலத்தில். விட்டம் 0.224, நீளம் 0.46 என்று போட்டால் 16-க்குச் சற்று மேல் வருகிறது. மாணவி கேட்ட 16 இதுதான். கிரீன்ஹில்லுக்கும் முன்பே, 1747-இல் லண்டன் ராயல் சொசைட்டியில் புரியின் பயனை விளக்கியவர் பெஞ்சமின் ராபின்ஸ். அவர் 1751-இல் உயிர் விட்டது நம் கடலூர் புனித டேவிட் கோட்டையில். நம் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லித்தர வேண்டாமா?

அப்புறம் ஏற்காடு. குண்டின் நிலைப்பு, சுழற்சி வேகத்தின் வர்க்கத்தோடு கூடும். காற்று அடர அடரக் குறையும். சேலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர். 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் சுமார் 1,500 மீட்டர். மலைக் குளிர் காற்றைக் கொஞ்சம் அடர்த்தியாக்கினாலும் உயரத்தின் கைதான் ஓங்கி நிற்கிறது. கீழே 36 டிகிரி, மேலே 25 டிகிரி இருக்கும் ஒரு பகலுக்குக் கணக்குப் போட்டால், மேலே அடர்த்தி ஏறத்தாழ 10 சதவீதம் குறைவு. அதாவது, குண்டு அங்கே இன்னும் திடமாகப் பறக்கும். ஆனால் 50 மீட்டர் இலக்கில் அது கண்ணுக்குத் தெரியாது. கீழேயே போதுமான நிலைப்பு இருக்கிறது. குண்டை மட்டுமட்டாக நிலைநிறுத்தும் புரிக்குத்தான் காற்று உயிர்ப் பிரச்சினை. 1960-களில் அமெரிக்காவின் எம்-16 ரைஃபிளில் 14 அங்குலத்துக்கு ஒரு சுற்றாக இருந்த புரியை 12-ஆக நெருக்கியது, கடுங்குளிரின் அடர்ந்த காற்றில் குண்டு தடுமாறியதால்தான்.

ஒரு ரைஃபிள் திடீரெனக் கண்டபடி சுட்டால் "ராசியில்லாத துப்பாக்கி" என்று சொல்லி எலுமிச்சம்பழம் சுற்றுகிறவர்கள் உண்டு. தயவுசெய்து அதற்கு முன் இலக்குத் தாளைப் பாருங்கள். ஓட்டை வட்டமாக இல்லாமல் நீள்வாக்கில் கிழிந்திருந்தால் குண்டு பக்கவாட்டில் வந்து மோதியிருக்கிறது. வழக்கமான 40 கிரெய்ன் (குண்டின் எடையைச் சொல்லும் அலகு) குண்டுக்குப் பதில் நீளமான 60 கிரெய்ன் குண்டை 16 அங்குலப் புரியில் போட்டால் இப்படி ஆகும். புரியை நீங்களே அளக்கலாம். தோட்டா இல்லை என்று உறுதி செய்துகொண்டு, துடைக்கும் கம்பியில் துணியை இறுக்கமாகச் சுற்றிக் குழலுக்குள் தள்ளுங்கள். கம்பியின் பிடி தானாகச் சுழலக்கூடியதாக இருக்க வேண்டும். கம்பிமேல் மையால் ஒரு புள்ளி வையுங்கள். அது பாதிச் சுற்று திரும்புவதற்குள் கம்பி உள்ளே போன நீளத்தை இரண்டால் பெருக்கினால் உங்கள் புரி. 16 என்று வந்தால், குறைந்த நீளமுள்ள குண்டுக்கு மாறிவிடுங்கள்.