தன் புகையில் தானே மூச்சுத் திணறாத செல்

அடையாறு கேன்சர் இன்ஸ்டிடியூட்டுக்கு ரேடியேஷனுக்காகப் போய்வரும் ஓர் அம்மாவின் மகள் கேட்டாள்: "அக்கா, ஆன்டிஆக்சிடன்ட் மாத்திரை நல்லதுதானே, அம்மாவுக்குக் கொடுக்கலாமா?" அவளுக்குச் சொன்னதையே இங்கே எழுதுகிறேன்.

செல்லின் அடுப்பு மைட்டோகாண்ட்ரியா. அது எரியும்போது கொஞ்சம் எலக்ட்ரான் கசிந்து ஆக்சிஜனோடு சேர்கிறது. முதலில் சூப்பராக்சைடு, பிறகு ஹைட்ரஜன் பெராக்சைடு. இதை அடுப்புப் புகை என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் புகையைத் தணிக்கும் பொருட்கள்தான் ஆன்டிஆக்சிடன்ட். ஓயாமல் பெருகும் புற்றுநோய் செல்லில் இந்தப் புகை பொதுவாகவே அதிகம். அளவோடு இருந்தால் "வளர், பிரி" என்ற சமிக்ஞைக்கு உதவும். மிஞ்சினால் டிஎன்ஏ, புரதம், சவ்வு எல்லாவற்றையும் அரித்து செல்லையே கொன்றுவிடும்.

அந்த அளவைப் புற்றுநோய் செல் எப்படிக் காப்பாற்றுகிறது? என்ஆர்எஃப்2 என்ற புரதம்தான் இதில் முக்கியம். சாதாரண நேரத்தில் கீப்1 என்ற இன்னொரு புரதம் அதைப் பிடித்து அழிவுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். புகை கூடினால் கீப்1-இன் பிடி தளரும். என்ஆர்எஃப்2 உட்கருவுக்குள் போய், குளுட்டத்தயோன் போன்ற பாதுகாப்புப் பொருட்களைத் தயாரிக்கும் மரபணுக்களை முடுக்கிவிடும். சில நுரையீரல் புற்றுநோய்களில் கீப்1 மரபணுவே பழுதாகியிருக்கிறது. அப்போது இந்தப் பாதுகாப்பு எந்நேரமும் ஓடிக்கொண்டே இருக்கும்.

அடுப்பையும் புற்றுநோய் செல் பராமரிக்கிறது. புற்றுநோய் செல்லின் மைட்டோகாண்ட்ரியா கெட்டுப்போனது என்று ஜெர்மன் விஞ்ஞானி ஓட்டோ வார்பர்க் நினைத்தார். பெரும்பாலான புற்றுநோய்களில் அப்படி இல்லை, அவை நன்றாகவே வேலை செய்கின்றன. பழுதான மைட்டோகாண்ட்ரியாவின் மேல் பிங்க்1 புரதம் சேர்ந்து, பார்க்கின் என்ற இன்னொரு புரதத்தை அழைக்கும். பார்க்கின் அடையாளம் குத்தியதும் செல் அதை விழுங்கிச் செரித்துவிடும். இதுதான் மைட்டோஃபேஜி. பழுதானவை தேங்கினால் அவற்றுக்குள் இருக்கும் சைட்டோகுரோம் சி என்ற புரதம் கசிந்து செல் தற்கொலைக்குப் போகக்கூடும். அந்த ஆபத்து இப்படிக் குறைகிறது.

சரி, மாத்திரைக்கு வருவோம். ரேடியேஷன் நேரடியாக டிஎன்ஏவை உடைப்பதோடு, செல்லுக்குள் இருக்கும் நீரையும் பிளந்து ஹைட்ராக்சில் ராடிகல் என்ற, எதையும் தாக்கும் துகள்களை உண்டாக்குகிறது. அதாவது, வேண்டுமென்றே புகையைக் கூட்டுகிறோம். அந்த நேரத்தில் வெளியிலிருந்து ஆன்டிஆக்சிடன்டைக் கொட்டினால் அது யாருக்குத் துணை போகும்? பின்லாந்தில் 29,133 ஆண் புகைப்பிடிப்பவர்களிடம் நடந்து 1994-இல் வெளியான ஆய்வில், பீட்டா கரோட்டின் மாத்திரை எடுத்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடியது. அவர்கள் சிகிச்சையில் இருந்தவர்கள் அல்ல என்பது உண்மை. ஆனாலும் எனக்கு அந்த எண் மறக்கவே இல்லை. மாத்திரை அட்டையை முதலில் அம்மாவின் டாக்டரிடம் காட்டச் சொன்னேன். கொய்யாவையும் கீரையையும் வழக்கம்போல் அவள் கொடுக்கட்டும்.