கணக்காளரா வர நிக்கிற எங்கட வன்னிப் பிள்ளையளுக்கு

ஏஎல் கொமேர்ஸ் முடிச்ச பிள்ளையள் கனபேர் என்னட்டக் கேக்கிறது ஒண்டுதான், அடுத்து எந்தக் கோர்ஸ் செய்யிறது எண்டு. எந்த ஒடிட் ஃபேர்ம்ல போய் வேலை பழகலாம் எண்டு கேக்கிற ஆள் குறைவு. என்னைக் கேட்டா அதைத்தான் முதல் கேக்கோணும்.

ஏனெண்டா பரீட்சை மீதியும் (பற்றும் வரவும் சமனோ எண்டு பாக்கிற பட்டியல்) ஐந்தொகையும் (சொத்தும் கடனும் காட்டுற கூற்று) இப்ப சொஃப்ட்வெயாரே போட்டுத் தரும், உள்ளுக்குப் போற இலக்கம் சரியோ எண்டு பாக்கிறதுதான் எங்கட வேலை. எங்கட பக்கத்து நெல்லு மில் ஒண்டை எடுங்கோ. வருச முடிவு மார்ச் 31, காலபோக நெல்லு வந்து ஸ்டோர் முட்டிப்போய் நிக்கிற நேரம். 20 வீத ஈரத்தோட 1000 கிலோ வாங்கி கொப்பியில பதிஞ்சாச்சு, காயவிட்டு 14 வீதத்துக்குக் கொண்டுவந்தா தராசில 930 கிலோதான் நிக்கும். மிச்சம் 70 கிலோவை ஒருத்தரும் களவெடுக்கேல்ல, அது தண்ணி. இது தெரியாத பொடியன் ஸ்டோர்கீப்பரைக் கள்ளனாக்கிப் போடுவான், தெரிஞ்சவன் ஈரம் பாத்து எழுதின துண்டை முதல் கேப்பான். (அந்தத் துண்டே இல்லாத மில்லும் இருக்கு, அது வேற தலையிடி.) பிறகு நெல்லு விலை விழுந்துட்டுதெண்டா வாங்கின விலையில இருப்பைக் காட்டேலாது, வித்தா செலவு போகக் கையில மிஞ்சிறது குறைவெண்டா அந்தத் தொகையைத்தான் போடோணும். டியூட்டரியில படிச்ச பாடம்தான், ஆனா மூடைக்குப் பக்கத்தில நிண்டு எண்ணினாத்தான் மண்டைக்குள்ள ஏறும்.

சம்பளக் கணக்கும் அப்பிடித்தான். 40,000 ரூவா சம்பளக்காரருக்கு ஈபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி) 8 வீதம் 3,200 வெட்டுறம், முதலாளி 12 வீதம் 4,800 போடோணும், ஈடிஎஃப் (ஊழியர் நம்பிக்கை நிதி) 3 வீதம் 1,200 அதுவும் முதலாளியின்ர காசு. அந்த 1,200ஐயும் வேலையாளிட்ட வெட்டச் சொல்லுற முதலாளிமார் இருக்கினம், ஏலாது எண்டு முகத்துக்கு நேர சொல்லத் தெரியோணும்.

படிப்பெண்டா வழி கனக்க இருக்கு. ஏஏடி எண்ட கணக்கியல் பரீட்சையைத் தமிழிலயே எழுதலாம், ஏஎல் ரிசல்ட் வருமட்டும் சும்மா இருக்காமத் தொடங்கலாம். வவுனியாவில உயர் தொழில்நுட்ப நிறுவனத்தில எச்என்டிஏ (கணக்கியல் உயர் தேசிய டிப்ளோமா) இருக்கு, 2021ல தனிப் பல்கலைக்கழகமா வந்த வவுனியாப் பல்கலைக்கழகத்தில வியாபாரக் கற்கைகள் பீடம் இருக்கு. அரசாங்க வேலைதான் வேணுமெண்டா இலங்கைக் கணக்காளர் சேவைப் போட்டிப் பரீட்சை. பட்டயக் கணக்காளர் (சிஏ) ஆக கொமேர்ஸ்தான் படிச்சிருக்கோணும் எண்டில்லை, மற்சும் பயோவும் படிச்ச ஆக்களும் வந்திருக்கினம். இங்கிலீஷ் சரளமா வந்தாப் பிறகு தொடங்குவம் எண்டு காத்திருக்காதேங்கோ, கணக்கியல் ஸ்டாண்டர்டை (கணக்கு எழுதுற விதிமுறையை) வாசிச்சு வாசிச்சுத்தான் அது வரும்.

சிஏக்கு மூண்டு வருசப் பயிற்சி இருக்கு, அந்தக் காலத்தில கைக்கு வாறது சின்னக் காசுதான், வீட்டுக்காரருக்கு முதலே சொல்லி வையுங்கோ. சேர முதல் ரெண்டு விசயம் கேளுங்கோ: அந்த ஃபேர்ம் பயிற்சிக்கு அங்கீகாரம் எடுத்த இடமோ, இல்லாட்டி அந்த வருசங்கள் கணக்கில சேராது, மற்றது, இருப்பு எண்ணப் போகேக்க உங்களையும் கூட்டிக்கொண்டு போவினமோ, இல்லை ஒஃபீஸில இருத்தி ஃபோட்டோகொப்பிதான் அடிக்க விடுவினமோ எண்டு.