குளியல் கூடத்துச் சாக்கடையில் 88 மோதிரக் கற்கள்

ரோமானியர்களின் பொதுக் குளியல் கூடத்தைத் தோண்டுகிறவர்களுக்குச் சாக்கடை என்றால் தனி ஆசை. மேலே இருந்த பளிங்கையும் ஈயக் குழாயையும் பிற்காலத்தவர்கள் பெயர்த்துக்கொண்டு போயிருப்பார்கள். சாக்கடை வண்டலை யார் திருடப் போகிறார்கள்?

வேல்ஸில் கார்லியன் என்ற ஊர். ரோமானியரின் இரண்டாம் அகஸ்டா படைப்பிரிவு கி.பி. 75 வாக்கில் அங்கே கோட்டை கட்டியது. அதன் குளியல் கூட வடிகாலை அலசியபோது, உருவம் செதுக்கிய 88 கற்கள் கிடைத்தன. நகக்கண் அளவுதான் ஒவ்வொன்றும். முத்திரை பதிக்க மோதிரத்தில் பதித்திருந்த கற்கள் அவை. மோதிரத்தை விட்டு எப்படிக் கழன்றன? கல்லை ஒட்டியிருந்த பசை வெந்நீரிலும் நீராவியிலும் இளகிவிட்டது.

அந்தச் சூடு தரைக்கு அடியிலிருந்து வந்தது. கூடத்தின் சுவருக்கு வெளியே அடுப்பு. உள்ளே, ஏறக்குறைய இரண்டடி உயரச் செங்கல் தூண்கள் வரிசையாக நிற்கும். அவற்றின் தலையில் பெரிய ஓடுகள், அதற்கு மேல் கெட்டியான காரைத் தரை. அடுப்பின் அனலும் புகையும் தூண்களுக்கு நடுவே புகுந்து, சுவருக்குள் பதித்த உள்ளே வெற்றிடமுள்ள ஓடுகள் வழியாக மேலே ஏறும். ஆக, தரையும் சுடும், சுவரும் சுடும். வெறுங்காலோடு நடக்க முடியாமல் மரச்செருப்பு போட்டுக்கொண்டார்கள்.

ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ் இதில் ஒரு நுணுக்கம் சொல்கிறார்: அடித்தளம் அடுப்பை நோக்கிச் சரிவாக இருக்க வேண்டும், உள்ளே ஒரு பந்தை எறிந்தால் அது அடுப்பு வாய்க்கே உருண்டு வந்துவிட வேண்டும். அப்போதுதான் அனல் தானாக மேலேறிப் பரவும். தூண் செங்கற்களை ஒட்டுவதற்கு முடி கலந்து பிசைந்த களிமண். நல்ல மேஸ்திரி!

இன்று தோண்டும்போது மேல்தரை பெரும்பாலும் இடிந்து விழுந்திருக்கும். அப்புறம் எது வெந்நீர் அறை, எது குளிர்ந்த நீர் அறை என்று எப்படிச் சொல்வது? தூண்களைப் பார்த்தால் போதும். அடுப்பை ஒட்டியவை கருகி, கரி படிந்து நிற்கும். குளிர்ந்த நீர் அறைக்கு அடியில் தூண்களே இருக்காது.

2017இல் இங்கிலாந்தின் கார்லைல் நகரில், கிரிக்கெட் கிளப் இடத்தில் ஒரு குளியல் கூடம் வெளிப்பட்டது. அங்கேயும் வடிகாலில் அதே கதை: முப்பதுக்கும் மேற்பட்ட மோதிரக் கற்கள்.

கார்லியன் வண்டலில் கற்களோடு கோழி எலும்பும் ஆட்டுக்கறி எலும்பும் இருந்தன. குளிக்க வந்தவர்கள் கொறித்தது. கூடவே, குழந்தைகளின் பால் பற்கள் சில.