ரிகர்ஜிடேஷன்: கசிவா, எதுக்களிப்பா, பின்பாய்வா?

‘செயற்கை இதயம் பொருத்திய நோயாளிகளுக்கு வரும் வால்வு கசிவுக்கான சிகிச்சை.’ மருத்துவத் தமிழாக்கங்களில் இந்த மாதிரித் தொடர்கள் அடிக்கடி கண்ணில் படுகின்றன. ஒரே வரிக்குள் இரண்டு தவறு.

முதல் தவறைச் சீக்கிரம் முடித்துவிடலாம். செயற்கை இதயம் என்பது கீழறைகள் இரண்டையும் வெட்டி எடுத்துவிட்டு அந்த இடத்தில் வைக்கும் கருவி. கீழறைகளோடு நோயாளியின் சொந்த வால்வுகளும் போய்விடும். இல்லாத வால்வு எப்படிப் பழுதாகும்? இங்கே பேச வேண்டியது இடது கீழறைக்குத் துணைசெய்யும் எல்வேட் (LVAD) என்ற கருவியைப் பற்றி. இதயம் இருந்த இடத்திலேயே இருக்கும். இடது கீழறையின் நுனியில் பொருத்திய பம்ப் அங்கிருந்து ரத்தத்தை இழுத்து, ஒரு குழாய் வழியாகப் பெருந்தமனிக்குள் தள்ளும். ‘இதயத் துணைப் பம்ப்’ என்றால் போதும். ‘எக்கி’ என்று எழுதுவோரோடு சண்டை இல்லை. ஆனால் அதை நெஞ்சிலும் பேட்டரியை இடுப்பிலும் சுமப்பவர் பம்ப் என்றுதான் சொல்கிறார்.

இனி இரண்டாவது தவறு: ரத்தம் வால்வு வழியே பின்னோக்கி வருவதைக் குறிக்கும் ‘ரிகர்ஜிடேஷன்’ என்ற ஆங்கிலச் சொல்லைக் ‘கசிவு’ என்று எழுதுவது. லத்தீனில் ‘குர்கெஸ்’ என்றால் நீர்ச்சுழி. ‘ரே’ என்ற முன்னொட்டு பின்னோக்கி, மீண்டும் என்ற பொருள் தரும். போன வெள்ளம் பொங்கித் திரும்புவது என்பது கருத்து. ஆங்கிலத்தில் இந்தச் சொல் வயிற்றுக்கும் பொது, வால்வுக்கும் பொது. குழப்பம் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

அகராதியைத் திறந்து முதலில் கிடைத்த பொருளை எடுப்பவர் ‘பெருந்தமனி எதுக்களிப்பு’ என்று எழுதிவிடுகிறார். எதுக்களிப்பது வயிற்றில் இருப்பது தொண்டைக்கு ஏறுவது. பால் குடித்த குழந்தை எதுக்களிக்கும். புளிச்ச ஏப்பத்தோடு எதுக்களிக்கும். அந்தச் சொல்லோடு ஒரு புளிப்பு வாடையே ஒட்டியிருக்கிறது. அதை நெஞ்சுக்குள் கொண்டுபோனால், இதய நோயாளி ஜீரண மாத்திரை தேடுவார்.

எதுக்களிப்பைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போகலாம். கசிவு அப்படியில்லை, பொருத்தமானது போலவே தோன்றும், அதனால்தான் ஆபத்து. சுவர் கசியும், புண் கசியும், உள்ளம் கசியும். எல்லாமே மெல்ல, கொஞ்சமாக, திசை பாராமல் ஈரம் படர்வது. ‘லேசாகக் கசிகிறது’ என்று கேட்டவர் நிம்மதியாக வீட்டுக்குப் போவார்.

துணைப் பம்ப் உள்ளவரின் வால்வில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். இப்போதைய பம்ப்கள் துடிப்பில்லாமல் தொடர்ந்து ஓடுபவை. ஹார்ட்மேட் 3 பெரும்பாலும் நிமிடத்துக்கு 5,000 முதல் 6,000 சுற்று சுற்றும். ரத்தம் முழுக்க அதன் வழியே போவதால் பெருந்தமனி வால்வுக்குத் திறக்கும் வேலையே இல்லாமல் போகலாம். மேலே பெருந்தமனியின் அழுத்தம், கீழே பம்ப் உறிஞ்சும் இழுப்பு. நடுவில் மூன்று இதழ்கள் இரவும் பகலும் மூடியபடி பாரம் தாங்குகின்றன. நாளடைவில் இதழ்கள் சேரும் மூலைகள் ஒட்டிக்கொள்ளும், பெருந்தமனியின் அடிப்பகுதி விரியும், இதழ்கள் நடுவில் சந்திக்காது. பம்ப் மேலே தள்ளிய ரத்தம் அந்த இடைவெளி வழியே கீழறைக்குத் திரும்பி, மறுபடி பம்புக்குள் நுழையும். பம்பின் திரை நிமிடத்துக்கு 6 லிட்டர் என்று காட்டும். அதில் 2 லிட்டர் இப்படிச் சுற்றிக்கொண்டிருந்தால் உடம்புக்குக் கிடைப்பது 4. மூச்சு வாங்கும், சிறுநீரகம் சோரும், திரையில் எண் மட்டும் நன்றாகவே இருக்கும். சாதாரண இதயத்தில் இதயம் விரியும் நேரத்தில் மட்டும் நடப்பது, இங்கே சுருங்கும்போதும் நடக்கலாம். அதனால் வழக்கமான எக்கோ (இதய அல்ட்ராசவுண்ட்) அளவுகோல்கள் இதைக் குறைத்துக் காட்டும். திரும்பிப் பாயும் ரத்தத் தாரையின் கழுத்து, அதாவது அதன் மிகக் குறுகிய இடம், 3 மில்லிமீட்டரைத் தொட்டாலே இவர்களுக்கு அது மிதமானது, ஒருவேளை கடுமையானதும்கூட. இதையா கசிவு என்பது?

‘பின்னொழுக்கு’ என்று தனித்தமிழ் அன்பர்கள் தருவது கொஞ்சம் பரவாயில்லை. ஆனால் ஒழுகுவது கூரையும் மூக்கும். தானாகக் கீழே சொட்டுவது. இங்கே அழுத்தம் பிடித்துத் தள்ளுகிறது. ‘மீள்பாய்வு’ கேட்க அழகு. அதை வேறொன்றுக்கு வைத்துக்கொள்வதே நல்லது: அடைபட்ட ரத்தக்குழாயைத் திறந்ததும் ரத்தம் திரும்பப் பாய்கிறதே, அதற்கு. அது நல்ல செய்தி, இது கெட்ட செய்தி. இரண்டுக்கும் ஒரே சொல் கூடாது. திசையும் விசையும் சேர்ந்து நிற்பது ‘பின்பாய்வு’. வினையாகவும் வளையும்: ரத்தம் பின்பாய்கிறது, எவ்வளவு பின்பாய்கிறது.

கசிவை அடியோடு விரட்டச் சொல்லவில்லை. அதற்கு இதே நோயாளியிடம் இரண்டு வேலை உண்டு. பம்பின் மின்கம்பி வயிற்றுத் தோலைத் துளைத்து வெளியே வரும் இடத்தில் நீரோ சீழோ கசியலாம். கட்டு மாற்றும்போதெல்லாம் பார்க்க வேண்டிய தொற்றின் அடையாளம் அது. ‘கசிவு இருக்கிறதா?’ என்று தொலைபேசியில் கேட்டால், நோயாளிக்கு அதுதான் நினைவுக்கு வரும்.

இன்னொன்று சிகிச்சையில் வருகிறது. பின்பாய்வு தெரிந்தால் முதலில் ரத்த அழுத்தத்தைக் கட்டுக்குள் வைப்பார்கள். சராசரி அழுத்தம் 90 மி.மீ. தாண்டக் கூடாது. எக்கோவைப் பார்த்துக்கொண்டே பம்பின் வேகத்தைச் சிறிது சிறிதாகக் குறைத்து, சில துடிப்புக்கு ஒருமுறையாவது வால்வு திறக்கிறதா என்று பார்ப்பார்கள். மூச்சுத்திணறலுக்காக வேகத்தைக் கூட்டினால் பின்பாய்வும் கூடும். இந்த இழுபறிதான் பெரிய தலைவலி. பம்ப் பொருத்தும்போதே பின்பாய்வு மிதமாக இருந்தால், மூன்று இதழ்களின் நடுமுனைகளையும் சேர்த்து ஒரு தையல் போடுவார்கள், அல்லது திசு வால்வு வைப்பார்கள். உலோக வால்வு வைப்பதில்லை. திறக்காத வால்வில் ரத்தம் உறையும். வால்வை முழுக்கத் தைத்து மூடுவதும் உண்டு, ஆனால் பம்ப் நின்றால் ரத்தம் வெளியேற வழி இருக்காது.

பிறகு வரும் பின்பாய்வுக்கு, மறுபடி நெஞ்சைத் திறக்க முடியாதவர்களுக்கு, ரத்தநாளத்தில் நுழைக்கும் மெல்லிய குழாய் வழியாகப் புது வால்வு. சுருங்கிய வால்வில் படிந்த சுண்ணாம்பு புது வால்வைப் பிடித்துக்கொள்ளும். இவர்களுக்கு அந்தப் பிடிப்பு இல்லை. அதனால் அளவில் பெரியதாகத் தேர்ந்தெடுத்து, விரிக்கும் நேரத்தில் பம்பின் வேகத்தைத் தாழ்த்துவார்கள். அப்படியும் அது கீழறைக்குள் நழுவலாம், அல்லது வளையத்துக்கும் தமனிச் சுவருக்கும் நடுவே இடைவெளி விடலாம். இதழ்களையே கவ்விப் பிடிக்கும் வால்வுகள் வந்தது இந்த நழுவலைத் தடுக்கத்தான்.

வளையத்தைச் சுற்றி விடும் அந்த இடைவெளியில் வருவதற்கு ‘ஓரக் கசிவு’ என்ற பெயர் கச்சிதம். புது வால்வு வைத்த மறுநாள் எக்கோ அறிக்கையில் இரண்டு வரி இருக்கும். வால்வின் நடுவே பின்பாய்வு: இல்லை. ஓரக் கசிவு: சிறிதளவு. இரண்டு வரியிலும் ‘கசிவு’ என்றே எழுதினால், படிப்பவருக்கு வால்வு வேலை செய்கிறதா இல்லையா என்பதே தெரியாது.