வாடகை வீட்டில் நகைப் பெட்டகம்: சுவரில் துளையிடுமுன் பார்க்க வேண்டியவை

சிங்கப்பூரின் ஈசூனில் ஒரு நான்கறை வீட்டில், படுக்கையறை அலமாரிக்குப் பின்னால் உள்ள சுவரில், சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு நான்கு துளைகள் இருந்தன. தாலிக்கொடியையும் பிள்ளைகளின் கடப்பிதழ்களையும் பூட்டி வைக்க ஓர் இரும்புப் பெட்டகம் வாங்கி, அதை நான்கு போல்ட்டுகளால் சுவரோடு இறுக்கியிருந்த குடும்பம் அது. வீட்டைக் காலி செய்த நாளில், 5,600 வெள்ளி வைப்புத்தொகையில் 1,800 வெள்ளியை உரிமையாளர் பிடித்துக்கொண்டார். துளையிடலாம் என்று சொன்னதே நீங்கள்தானே என்று கேட்டதற்கு, அப்படிச் சொன்னதாக நினைவில்லை என்று பதில் வந்தது. அனுமதியைத் தொலைபேசியில் வாய்மொழியாகத்தான் வாங்கியிருந்தார்கள்.

அதன்பிறகு நடந்த அலைச்சலை நான் உடனிருந்து பார்த்தேன். ஓர் அலுவலகத்தில் இது தனியார் ஒப்பந்தம் என்றார்கள். இன்னோர் அலுவலகத்தில் இது உரிமையியல் விவகாரம் என்றார்கள். வீடு பிடித்துக் கொடுத்த முகவர் செய்திக்குப் பதிலே போடவில்லை. வேலைக்கு அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்து, வரிசை எண்ணைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருந்த அந்தத் தாயிடம், எந்தக் கதவைத் தட்ட வேண்டும் என்பதை ஒரே வரியில் சொல்ல அத்தனை முகப்புகளில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

அந்தக் கதவு சிறு உரிமைகோரல் நடுவர் மன்றம். அரசு அடுக்குமாடி வீடுகளைக் கட்டி நிர்வகிக்கும் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (வீவக) உங்கள் வாடகை ஒப்பந்தத்தில் ஒரு தரப்பு அல்ல என்பதால், வைப்புத்தொகைச் சண்டையை அது தீர்த்து வைக்காது. காவல்துறையும் தீர்த்து வைக்காது. நடுவர் மன்றம் 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளையும், இரு தரப்பும் எழுத்தில் ஒப்புக்கொண்டால் 30,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளையும் விசாரிக்கும். அங்கே வழக்கறிஞர் உங்களுக்காக வாதாட முடியாது என்பதால், எதிர்த்தரப்பு எவ்வளவு வசதி படைத்தவராக இருந்தாலும் அவரும் தாமே வந்து பேச வேண்டும். தமிழில் பேச விரும்பினால் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே கேளுங்கள். அரைகுறை ஆங்கிலத்தில் சமாளித்துக்கொள்ளலாம் என்று போய், சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் திரும்பியவர்கள் உண்டு.

ஆனால் அந்தக் கதவு எல்லோருக்கும் திறப்பதில்லை. குடியிருப்புக்கான வாடகை ஒப்பந்தம் இரண்டு ஆண்டுகளுக்கு மேற்படாததாக இருந்தால் மட்டுமே நடுவர் மன்றம் அதை எடுத்துக்கொள்ளும். குடிமக்களும் மலேசியர்களும் வீவக வீட்டை ஒரே ஒப்பந்தத்தில் மூன்று ஆண்டுகள் வரை எடுக்கலாம் என்பதால், வாடகை ஏறாமல் இருக்கட்டும் என்று மூன்று ஆண்டுகளுக்குக் கையெழுத்திடுகிறார்கள். அந்தக் கையெழுத்தோடு இந்த எளிய வழி அடைபட்டுவிடுகிறது என்பதை முகவர்கள் சொல்வதில்லை. மேலும், பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் கோரிக்கையைப் பதிவு செய்தாக வேண்டும். ஊர் திரும்புவதாக இருந்தால் விமானம் ஏறுமுன்பே பதிவு செய்துவிடுங்கள்.

பலர் விழும் இன்னொரு குழி, வாடகை ஒப்பந்தத்துக்காக அரசாங்கத்துக்குக் கட்டும் வரியான முத்திரைத் தீர்வை. நான்கு ஆண்டுகள் வரையிலான ஒப்பந்தத்துக்கு மொத்த வாடகையில் 0.4 விழுக்காடு கட்ட வேண்டும். மாதம் 2,800 வெள்ளி வீதம் இரண்டு ஆண்டுகளுக்கு அது 268 வெள்ளி. சிங்கப்பூரில் கையெழுத்தான ஒப்பந்தத்துக்கு 14 நாள்களுக்குள் கட்ட வேண்டும். கட்டாத ஒப்பந்தத்தை நீதிமன்றத்தில் ஆதாரமாகக் காட்ட முடியாது. தாமதமாகக் கட்டினால் அபராதம் சேரும். மூன்று மாதங்களைத் தாண்டினால் அந்த அபராதம் தீர்வையின் நான்கு மடங்கு வரை போகும். முகவர் கட்டியிருப்பார் என்று நம்பிவிடாமல், முத்திரைச் சான்றிதழைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வீவக வாடகையில் முகவர் வைப்புத்தொகையைத் தம் கையில் வாங்கவே கூடாது என்பது விதி. "என் கணக்கில் போடுங்கள், நான் கொடுத்துவிடுகிறேன்" என்று ஒருவர் சொன்னால் அங்கேயே நின்றுவிடுங்கள்.

இனி பெட்டகத்துக்கு வருவோம். துளையிடும் முன்பு, எந்த அறை, எந்தச் சுவர், எத்தனை துளைகள், காலி செய்யும்போது யார் அடைத்து வண்ணம் பூசுவது என்று நான்கு வரிகளில் உரிமையாளருக்குச் செய்தி அனுப்பி, அதற்கு அவருடைய பதிலை எழுத்தில் வாங்குங்கள். "சரி" என்ற ஒரு சொல் வாட்ஸ்அப்பில் இருந்திருந்தால் அந்த ஈசூன் குடும்பம் 1,800 வெள்ளிக்காக இவ்வளவு அலைந்திருக்க வேண்டியதில்லை. வீவகவின் அனுமதி தேவைப்படும் எந்த வேலையையும் உரிமையாளரின் ஒப்புதல் இல்லாமல் தொடங்க முடியாது. ஒப்பந்தக்காரர் "நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொல்வதை நம்ப வேண்டாம்.

தடித்த சுவரும் இரும்புக் கதவும் இருப்பதால் வீட்டுப் புகலிடமே பெட்டகத்துக்கு ஏற்ற இடம் என்று பலர் நினைக்கிறார்கள். அது அவசரக் காலத்தில் உயிர் காக்கக் கட்டிய அறை. அதன் சுவரையோ கதவையோ உடைக்கவோ மாற்றவோ கூடாது. அங்கே எதையும் பொருத்துவதற்கும் குடிமைத் தற்காப்புப் படையின் கட்டுப்பாடுகள் உண்டு. அதே வேளையில், புதிய வீடுகளில் அறைகளைப் பிரிக்கும் சில சுவர்கள் இலகுவானவை. கனத்த பெட்டகத்தை அவற்றில் மாட்டினால் போல்ட்டு சுவரோடு பெயர்ந்து வரலாம். தட்டிப் பார்த்து, வெற்றொலி கேட்டால் அந்தச் சுவரை விட்டுவிடுங்கள். என்னைக் கேட்டால், உங்களுடைய சொந்த மர அலமாரியின் அடிப்பலகையில் பெட்டகத்தைத் திருகி, அந்த அலமாரியைத் துணிமணிகளால் கனக்கச் செய்வதே வாடகை வீட்டுக்குப் பொருந்தும். துளையிட்டே ஆக வேண்டுமென்றால், வார நாள்களில் காலை 9 மணி முதல் மாலை 5 மணிக்குள் முடித்துவிடுங்கள். வீவக வீடுகளில் இரைச்சலான வேலைகளுக்கு அதுவே அனுமதிக்கப்பட்ட நேரம்.

காலி செய்யும்போது, துளையை அடைக்கும் முன்பும் பின்பும் அளவுகோலைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுங்கள். உரிமையாளர் பணம் பிடித்தால், எந்த வேலைக்கு எவ்வளவு செலவானது என்று ரசீது கேளுங்கள். வெறும் விலை மதிப்பீட்டைக் காட்டி, செய்யாத வேலைக்குப் பிடித்தம் செய்வதை ஏற்க வேண்டாம். வைப்புத்தொகை திரும்பாது என்ற கோபத்தில் கடைசி இரண்டு மாத வாடகையைக் கொடுக்காமல் இருந்துவிடாதீர்கள். ஒப்பந்தத்தை மீறியவர் நீங்கள் என்று ஆகிவிடும்.

கோரிக்கையை இணையத்தில் பதிவு செய்யும்போது, முத்திரையிட்ட ஒப்பந்தம், குடிபுகுந்த நாளின் பொருள் பட்டியல், படங்கள், செய்திப் பரிமாற்றம் ஆகியவற்றைத் தேதி வரிசையில் இணையுங்கள். தீர்ப்பு உங்கள் பக்கம் வந்தபின்னும் உரிமையாளர் கொடுக்க மறுத்தால், மன்றமே வசூலித்துத் தராது; அமலாக்க ஆணைக்கு நீங்கள் தனியாக விண்ணப்பித்து, அதற்கான கட்டணத்தையும் முதலில் கட்ட வேண்டும். அதனால், பதிவு செய்த பின்னர் மன்றம் ஏற்பாடு செய்யும் ஆலோசனைச் சந்திப்பிலேயே, எந்தத் தேதிக்குள் எந்தக் கணக்குக்குப் பணம் வர வேண்டும் என்பதையும் சேர்த்து எழுத்தில் முடித்துக்கொள்ளப் பாருங்கள்.