போலீஸ் ரிப்போர்ட் எடுக்க மாட்டோம் என்று சொல்ல முடியுமா?

பக்கத்து லயத்துப் பெரியப்பாவின் மோட்டார் சைக்கிள் திருடுபோன கதை இது. கோயில் திருவிழா இரவில் செம்பனை ஆலைச் சாலையோரம் நிறுத்தியிருந்தார், காலையில் இல்லை. கிட்டத்தில் இருந்த போலீஸ் நிலையத்துக்குப் போனால், "அந்த இடம் எங்கள் எல்லை இல்லை, டவுன் ஸ்டேஷனுக்குப் போங்கள்" என்றார்களாம். அங்கே போனால் மத்தியானம் வரச் சொன்னார்கள். ஒரு நாள் சம்பளம் போனதுதான் மிச்சம்.

சட்டம் அப்படிச் சொல்லவில்லை. மலேசியாவில் எங்கே நடந்த குற்றமாக இருந்தாலும் அதைப் பற்றிய தகவலை வாங்கிக்கொள்வது எந்தப் போலீஸ்காரருக்கும் கடமை என்கிறது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 107-ஆவது பிரிவு. வாயால் சொன்னால் அதை எழுத்தில் பதிந்து, உங்களுக்குப் படித்துக்காட்டி, அப்புறம்தான் கையெழுத்து வாங்க வேண்டும். நாம் கோட்டை விடுவது இந்தப் படித்துக்காட்டும் இடத்தில்தான். ரிப்போர்ட் மலாயில் இருக்கும். கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டுப் போன பெரியப்பா தலையாட்டிக் கையெழுத்துப் போட்டுவிட்டார். மோட்டார் நம்பரில் ஓர் எழுத்து மாறியிருந்ததைப் பேத்திதான் வீட்டில் கண்டுபிடித்தாள். "துவான், தோலோங் பாச்சா" (ஐயா, கொஞ்சம் படித்துக்காட்டுங்கள்) என்று கேட்டால் யாரும் கோபித்துக்கொள்ளப் போவதில்லை.

சரி, ரிப்போர்ட் கொடுத்து ஒரு மாதமாகியும் சத்தமே இல்லை என்றால்? பலருக்குத் தெரியாத 107ஏ பிரிவு இங்கேதான் உதவும். மோட்டார் திருட்டு மாதிரி, வாரண்ட் இல்லாமலே கைது செய்யக்கூடிய குற்றமாக இருந்து, ரிப்போர்ட் கொடுத்து நான்கு வாரம் தாண்டியிருந்தால், விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்று அதே நிலையத்தின் பொறுப்பதிகாரியிடம் கேட்கலாம். எழுத்தில் கேட்பது நல்லது. விசாரணையைக் கெடுக்கும் விவரம் தவிர, இரண்டு வாரத்துக்குள் அவர் பதில் தந்தாக வேண்டும். தராவிட்டால் அரசாங்கத் தலைமை வழக்கறிஞருக்கு எழுதலாம்.

கைது என்று வந்தால் அதே சட்டத்தின் 28ஏ பிரிவு. எதற்காகப் பிடிக்கிறோம் என்று சொல்ல வேண்டும், விசாரிக்கத் தொடங்கும் முன் குடும்பத்துக்கும் வக்கீலுக்கும் தகவல் சொல்லலாம் என்று தெரிவிக்க வேண்டும். சில விதிவிலக்குகள் உண்டு. 24 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்க மாஜிஸ்திரேட்டின் உத்தரவு தேவை.

சாதாரண உடையில் வந்து "போலீஸ்" என்பவரிடம் அதிகாரக் கார்டைக் கேளுங்கள். நீலம் இன்ஸ்பெக்டரும் அதற்கு மேலும், மஞ்சள் அதற்குக் கீழே. சிவப்பு என்றால் பணியிடை நீக்கத்தில் இருப்பவர், அவருக்கு உங்களைத் தொட உரிமை இல்லை. 'கோப்பி காசு' என்கிற லஞ்ச விஷயத்தில் வாங்கியவர் மட்டுமல்ல, கொடுத்தவரும் குற்றவாளிதான். போலீஸ் சாலைத் தடுப்பில் ஐம்பது வெள்ளியோடு முடிந்தது என்று பெருமை பேசுகிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

போலீஸ்காரரின் நடத்தை பற்றிப் புகார் சொல்ல போலீஸ் தலைமையகமான புக்கிட் அமானில் ஜிப்ஸ் என்ற நேர்மைத் துறை இருக்கிறது. லஞ்சம் என்றால் எஸ்பிஆர்எம் என்ற ஊழல் தடுப்பு ஆணையம். 2023 ஜூலை 1 முதல் ஐபிசிசி என்ற சுயேச்சையான போலீஸ் நடத்தை ஆணையமும் இருக்கிறது. அது விசாரிக்கும், ஆனால் தானே தண்டிக்க முடியாது; தன் முடிவைப் போலீஸ் படை ஆணையத்துக்குத்தான் அனுப்பும். எனக்கு இதில் திருப்தி இல்லை, இருந்தாலும் புகார் பதிவில் ஏறுவது சும்மா போகாது. வெறும் "ஒரு போலீஸ்காரர்" என்று எழுதினால் யாரைத் தேடுவார்கள்? சட்டையில் இருக்கும் பெயர், எண், தேதி, நேரம் எல்லாவற்றையும் ஸ்டேஷன் வாசலைத் தாண்டும் முன்பே கைப்பேசியில் குறித்துக்கொள்ளுங்கள்.