ஆறு மணி நடுக்கம்

திருகோணமலை உப்புவெளியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். இருபது ஆண்டுகளாகக் குடித்துவந்த அவருடைய அண்ணன், ஆஸ்பத்திரியில் கொடுத்த மாத்திரைகளோடு குடியை நிறுத்திய நான்காம் நாள், குடியை விட்டவர்கள் வாரந்தோறும் கூடும் கூட்டமொன்றுக்குத் தங்கையைத் துணைக்கு அழைத்துக்கொண்டு முதன்முறையாகப் போயிருக்கிறார். வாசலில் நின்ற வயதானவர் கிளாஸில் பாதியளவு மட்டும் பிளேன்டீ வார்த்து, “நிரப்பி வார்த்தால் சிந்திப்போடும் தம்பி, எனக்கும் முதல் நாள் அப்பிடித்தான்” என்று நீட்டினாராம். அந்தப் பாதியையும் அண்ணன் இரு கைகளாலும் பிடித்தே குடித்திருக்கிறார்.

வாசகி கேட்பவை இரண்டு. குடித்துக்கொண்டிருந்தபோது உறுதியாக இருந்த கை, குடியை விட்ட பிறகு ஏன் நடுங்க வேண்டும்? அன்று மதியம் சோறு பிசைந்து உண்ணுமளவுக்கு அடங்கியிருந்த நடுக்கம், மாலையில் கூட்டத்துக்குப் போகும் வழியில் தவறணை இருக்கும் தெருவால் ஓட்டோ வந்தபோது, போத்தலைக் கண்ணால் காணாமலே, வியர்வையோடு திரும்பியது எப்படி?

முதற்கேள்விக்கு விரைவாகவே விடை சொல்லிவிடலாம். மூளையின் நரம்புக் கலங்களை அடக்கும் முக்கிய இரசாயனப் பொருள் காபா, தூண்டுவது குளூட்டமேற்று. மதுசாரம், கலங்களில் காபாவை ஏற்கும் வாங்கிகளின் வேலையை வலுப்படுத்தி, குளூட்டமேற்று வாங்கிகளில் ஒருவகையைத் தடுக்கிறது. நாள்தோறும் இப்படி நடந்தால் மூளை சும்மா இருப்பதில்லை. காபாவுக்கு இணங்கும் தன்மையைக் குறைத்து, குளூட்டமேற்று வாங்கிகளைப் பெருக்கி, எதிர்த்திசையில் தள்ளியே சமநிலையைக் காக்கிறது. பாய்வள்ளத்தில் போனவர்களுக்கு இது எளிதில் விளங்கும். காற்று ஒருபுறம் சாய்க்க, ஆட்கள் மறுபுற விளிம்பில் ஏறிக் குந்த, வள்ளம் நிமிர்ந்து ஓடுகிறது. காற்றுத் திடீரென விழுந்துவிட்டால் வள்ளம் சரிவது ஆட்கள் குந்தியிருக்கும் பக்கத்துக்குத்தான். சாராயத்தை ஒரே நாளில் எடுத்துவிட்ட மூளையில் எஞ்சியிருப்பது அந்த எதிர்ப்பாரம்; கை நடுக்கமும் படபடப்பும் உறக்கமின்மையும் அதிலிருந்து வருபவை.

நடுக்கம் பொதுவாகக் கடைசிக் குடிக்குப் பின் 6 முதல் 24 மணித்தியாலத்துக்குள் தொடங்கும். வலிப்பு வருவதானால் பெரும்பாலும் முதல் 48 மணித்தியாலத்துக்குள் வந்துவிடும். சிலருக்கு மூன்றாம் நாளளவில் காய்ச்சலும் குழப்பமும், இல்லாத உருவங்கள் தெரிவதும் சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகும். இதைப் பேய் என்று சொல்லி நூல் கட்டிக்கொண்டிருப்பது என்னைப் பொறுத்தவரை நோயாளியை ஆஸ்பத்திரி வாசலில் மறித்து வைப்பதற்குச் சமம். பத்திரகாளி அம்மனுக்கு நேர்ந்துகொண்டு குடியை விடுவதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் நெடுநாள் கடுமையாகக் குடித்தவர் நேர்ந்துகொண்ட கையோடு வைத்தியரிடமும் போக வேண்டும். டயசிபாம் போன்ற மருந்து மதுசாரத்தின் இடத்தில் நின்று காபா வாங்கிகளுக்கு உதவி, நாளுக்கு நாள் அளவு குறைக்கப்படும்போது, விளிம்பில் குந்தியவர்கள் மெல்ல நடுவுக்கு வர அவகாசம் கிடைக்கிறது.

இனி இரண்டாவது கேள்வி. பல ஆண்டுகளாக என்னை வியக்கவைக்கும் பொறிமுறை இதில்தான் இருக்கிறது. கைதேர்ந்த வள்ளக்காரர் காற்று வந்து மோதும் வரை காத்திருப்பதில்லை. தூரத்தில் நீர் கருத்துச் சுருங்குவதைக் கண்டவுடனேயே விளிம்புக்கு ஏறிவிடுகிறார். உடலும் அவ்வாறே முன்கூட்டிச் சாயக் கற்றுக்கொள்கிறது என்பதை 1979 இல் சயன்ஸ் இதழில் வெளியான ஓர் எலிப் பரிசோதனை அழகாகக் காட்டியது. மதுசாரம் உடல் வெப்பநிலையைக் குறைக்கும். எலிகளுக்கு ஒரு குறிப்பிட்ட அறையில் வைத்தே மீண்டும் மீண்டும் மதுசாரம் ஏற்றினார்கள். நாளடைவில் அவற்றின் வெப்பநிலை முன்போல் இறங்கவில்லை. அதே எலிகளுக்கு அதே அளவை வேறோர் இடத்தில் ஏற்றியபோது அந்தத் தாங்கும் சக்தி காணாமற் போய், வெப்பநிலை மறுபடி இறங்கியது. தாங்கும் சக்தி ஈரலிலோ இரத்தத்திலோ மட்டும் இருந்திருந்தால், அறை மாறியதை அது எப்படி அறிந்திருக்கும்? அடுத்து அவர்கள் செய்ததைத்தான் நான் மிகவும் இரசிக்கிறேன். மதுசாரம் ஏற்றும் அறையில் வைத்து வெறும் உப்புநீரை ஏற்றினார்கள். எலிகளின் வெப்பநிலை உயர்ந்தது. வராத காற்றுக்கு எதிராக உடல் சாய்ந்துவிட்டது.

உப்புவெளி ஓட்டோவில் நடந்ததும் இதுவே என்று நினைக்கிறேன். ஆறு மணி, அந்தத் தெரு, பைற்ஸ் பொரியும் எண்ணெய் மணம், திரும்பும் முடக்கு என ஒவ்வொன்றும் இருபது ஆண்டுகளாகச் சாராயத்துக்குச் சில நிமிடங்கள் முன்னே வந்தவை. அவற்றைக் கண்டவுடன் உடல் எதிர்விளிம்புக்கு ஏறிவிட்டது, சாராயம் வரவில்லை. மதியம் அடங்கியிருந்த கை அங்கே நடுங்கியதற்கு அண்ணனின் மனவுறுதிக் குறைவைக் காரணமாக்குவது, எலியைப் பார்த்து உனக்கு மனவுறுதி போதாது என்று சொல்வது போலாகும்.

கூட்டம் நடக்கும் அறையின் சிறப்பும் இதனால் விளங்குகிறது. உடல் குடியோடு சேர்த்துப் பழகாத இடம் அது, அதுவும் பழகிய அதே மணி வேளையில். வழியில் நடுங்கிவந்த அண்ணன் அங்கே பேசாமல் உட்கார்ந்திருந்தாலும், குடி வராத ஓர் ஆறு மணி அவருடைய உடலைக் கடந்து போய்விடுகிறது.

மது அடிமைகள் மறுவாழ்வு இயக்கமான ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் தொடங்கிய கதையிலும் குடியை நினைவூட்டும் இடம், நடுங்கும் கை என்ற இதே இரண்டும் உண்டு. 1935 மே மாதம் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில், குடியை விட்டுச் சில மாதங்களே ஆகியிருந்த பில் வில்சன் ஹோட்டல் முன்கூடத்தில் தனியாக நின்றபோது, மறுகோடியிலிருந்த மதுக்கூடத்தின் ஓசை அவரை இழுத்தது. அவர் தொலைபேசிக்குப் போய், பேசுவதற்கு இன்னொரு குடிநோயாளியைத் தேடினார். அப்படிக் கிடைத்தவர் சத்திரசிகிச்சை வைத்தியரான பொப் சிமித். மறுபடி குடியில் விழுந்த சிமித்துக்கு, ஒரு சத்திரசிகிச்சைக்கு முன் நடுங்கும் கையை நிறுத்துவதற்காக வில்சனே ஒரு பியர் கொடுத்தார். சிமித் குடித்த கடைசி மது அதுவே. அந்த நாளாகச் சொல்லப்படும் ஜூன் 10 ஐ இயக்கம் தன் பிறந்த நாளாகக் கொள்கிறது.

இத்தகைய கூட்டங்களோடு நோயாளிகளை இணைக்கும் சிகிச்சையைப் பற்றி, 27 ஆய்வுகளையும் 10,565 பேரையும் உள்ளடக்கி 2020 இல் வெளிவந்த கொக்ரேன் மீளாய்வு (மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் கொக்ரேன் அமைப்பின் அறிக்கை), முற்றாகக் குடியை விட்டிருப்பதில் அது மற்றச் சிகிச்சைகளைவிட ஓரளவு மேலானது என்று கண்டது. இந்த நாட்டில் போத்தலுக்குப் போத்தல் மதுவரி அறவிடும் அரசு, அதில் ஒரு துளியைத் தவறணைத் தெருவால் வீடு திரும்பும் நம்மூர் ஆட்களைப் பற்றிய ஆராய்ச்சிக்குக் கொடுத்தால் என்ன என்று எனக்கு அடிக்கடி தோன்றும்.

வாசகிக்கு: அடுத்த வாரம் உட்துறைமுக வீதியால் சுற்றிப் போங்கள், ஓட்டோவுக்குக் கொஞ்சம் கூடக் கொடுக்க வேண்டிவரும், பரவாயில்லை. குடி வராமல் கடந்துபோகும் ஒவ்வோர் ஆறு மணியும் அந்தப் பழைய சாய்வைத் தளர்த்தும், ஆனால் அழிக்காது. ஓரிடத்தில் தணிந்தது வேறோரிடத்தில், ஒரு கலியாண வீட்டிலோ சம்பள நாளிலோ, சொல்லாமல் எழும்பும். அந்த நேரத்தில் அண்ணன் கோல் எடுக்க ஓர் ஆள் வேண்டும். தேநீர் வார்த்த அந்தப் பெரியவரின் நம்பரை வாங்கினீர்களா என்று நீங்கள் எழுதவில்லை.